ராமதாஸ் துக்க வீடுகளுக்குப் போன காரணம்

நிபோங் திபாலில் சுப்பையாவின் உடலை வண்டியில் ஏற்றும் நேரத்தில், ராமதாஸ் வாசற்கூடாரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் அவரை இறந்தவரின் தம்பி என்று எண்ணிக்கொண்டு, முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். நானும் முதலில் அதைத் துக்கம் என்றே கருதினேன். அவருடைய பார்வை சவப்பெட்டியின் மீது இல்லை என்பதைச் சற்றுப் பிந்தித்தான் கவனித்தேன். வீட்டின் பக்கவாட்டில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதனுள் பச்சைத் தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்று நின்றது. காற்றில் தார்ப்பாயின் மூலை தூக்கிக்கொண்டபோது, ஓரம் சாய்வாக வெட்டிய முகவிளக்கு ஒன்று தெரிந்து மறைந்தது.

“வாத்தியாரே, நம்ம காரு,” என்றார் ராமதாஸ். “நம்ம காரேதான்.”

அந்தச் சொற்கள் விளங்க வேண்டுமானால், அவருடைய காரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

தீவில், ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. பாலத்துக்கு அப்பால் பெருநிலத்தில் ஒரு தோட்ட நிறுவனத்தின் ஓட்டுநராக இருந்தவர். நிர்வாகிக்காக அவர் ஓட்டிய பெஜோ 504 காரை, நிறுவனம் கைமாறியபோது அவரே வாங்கிக்கொண்டார். அதன் ஓட்டக் கணக்கைக் காட்டும் எண்கள் முடிவுக்கு வந்து மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியது எத்தனை முறை என்று அவருக்கே நினைவில்லை. அந்தக் காரைத் துடைப்பது, கழற்றுவது, மாட்டுவது ஆகியவற்றிலேயே அவருடைய ஓய்வுக்காலம் கழிந்தது.

அவர் மனைவி மோகனாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, கார் வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. இடது கால் அவருக்கு இன்றும் சொன்னபடி கேட்பதில்லை. ஆயினும் அந்தக் காரில் அவர் யாருடைய துணையும் இல்லாமல் ஏறிவிடுவார். முதுகைக் காட்டி நின்று, இருக்கையில் அமர்ந்து, கதவுக்கு மேலே ராமதாஸ் பொருத்திக் கொடுத்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இடது காலைத் தம் கையாலேயே தூக்கி உள்ளே வைத்துக்கொள்வார். இருக்கையின் உயரமும் கதவு திறக்கும் அகலமும் அவருக்கென்றே அளவெடுத்தவை போல் அமைந்திருந்தன. என் சிறிய காரில் அது முடியாது. முயன்று பார்த்துவிட்டோம்.

சென்ற ஆண்டு அந்தக் காரின் ஸ்டியரிங் ஆடத் தொடங்கியது. பாலத்தில் செல்லும்போது கார் தன்போக்கில் பக்கத்துத் தடத்துக்கு நழுவியது. பட்டறைக்காரர் இத்ரீஸ் அதைத் தூக்கி நிறுத்திப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங் ரேக் தேய்ந்துவிட்டது என்றார். சக்கரங்களை இடமும் வலமும் திருப்புகிற பல்தண்டுதான் ரேக். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் தீர்ப்பைச் சொன்னார்.

“நடுவுல பல்லே இல்லண்ணே. இனிமே ஓட்டாதீங்க. அக்காவ வச்சிக்கிட்டுச் சத்தியமா ஓட்டாதீங்க.”

புதிய ரேக் கிடைக்கவில்லை. அந்தப் பொருளின் தயாரிப்பு நின்று வெகுகாலம் ஆகிவிட்டது என்ற பதிலையே ஜார்ஜ்டவுன் கடைகளும், கெப்பாலா பத்தாஸில் காரை வெட்டிப் பாகம் பாகமாக விற்பவர்களும், இத்ரீஸ் கைப்பேசியில் தேடிப் பிடித்த வெளிநாட்டுக்காரர்களும் கூறினார்கள். வேறு வகைக் காரின் ரேக் இதற்குப் பொருந்தாது.

இதற்கிடையில் உடற்பயிற்சி சிகிச்சைக்குச் செல்வதற்காக மோகனாவை ஒருநாள் வாடகைக் காரில் ஏற்றினார்கள். ஓட்டுநர் ஒரு பக்கமும் ராமதாஸ் ஒரு பக்கமுமாகத் தூக்கியதில் சேலை விலகியது. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். வீடு திரும்பியதும் மோகனா கணவரிடம் அமைதியாகச் சொன்னார்: “இனிமே என்னைச் சாக்கு மூட்ட மாதிரி தூக்கற வேல வேணாம். நம்ம காரு ஓடுனா வர்றேன். இல்லாட்டி வீட்டுலயே கெடக்கறேன்.”

சொன்னபடியே செய்தார். சிகிச்சை நின்றது. கோவில் நின்றது. சன்னல் ஓரத்து நாற்காலியே அவருடைய உலகமாகிவிட்டது. கால் மேலும் இறுகுவதை மருத்துவர் சொல்லாமலேயே எங்களால் காண முடிந்தது.

அந்த நாட்களில்தான் ராமதாஸின் வழக்கம் ஒன்று எனக்குத் தெரியவந்தது. காலையில் நாளிதழை வாங்கியதும் அவர் மரண அறிவிப்புப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார். வயதானவர்கள் பலரும் அப்படித்தான் என்பதால் நான் அதைப் பொருட்படுத்தியதில்லை. ஆனால் அவர் பெயருக்குப் பிறகு முகவரியைப் படித்தார். செபராங் பிறையில் எந்த வீட்டுக் கொட்டகையில் எந்தக் கார் நிற்கிறது என்பது, ஓட்டுநராக இருந்த காலத்திலிருந்து அவருக்கு மனப்பாடம். தம்முடைய காரைப் போன்ற கார் வைத்திருந்த ஒருவர் இறந்தால் அவர் அந்தத் துக்க வீட்டுக்குப் போவார். முன்கண்ணாடியும் விளக்குகளும் கதவுப்பூட்டும் இப்படித்தான் அவருக்குக் கிடைத்தன; அந்தக் கார்களின் மிச்சம் அப்போதே பழைய இரும்புக்குப் போய்விட்டது.

நான் அதிர்ந்து போனேன். பிணம் கிடக்கும் வீட்டில் உதிரிபாகம் தேடுவதா என்று கேட்டேன்.

“அன்னைக்கே கேக்க மாட்டேன், வாத்தியாரே,” என்றார் அவர். “தூக்கிட்டுப் போற வரைக்கும் கூட நிப்பேன். கருமக்கிரியை முடியட்டும்னு இருப்பேன். அப்பறந்தான் கேப்பேன். ஆனா அன்னைக்குப் போயி பாத்து வைக்கலன்னா, பழைய இரும்புக்காரன் லோரிய கொண்டாந்துருவான்.”

அவர்கள் உயிருடன் இருக்கும்போதே கேட்டால் என்ன என்று நான் விடவில்லை. அவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். காரைத் தருகிறீர்களா என்று ஒரு வயதானவரிடம் கேட்பது, நீங்கள் எப்போது போவீர்கள் என்று கேட்பதற்குச் சமம் என்றார். அப்படிக் கேட்டவன் வாசற்படியைவிட்டு இறங்குவதற்குள், சொன்னது பலித்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டார்.

ஆனால் சுப்பையாவின் வீட்டுக்கு அவர் அந்த நோக்கத்தோடு போகவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்; சுப்பையாவிடம் அந்தக் கார் இருந்ததே அவருக்குத் தெரியாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ராமதாஸுக்கு இருதயத்தில் குழாய் வைத்தார்கள். அவர் பிழைக்க மாட்டார் என்று பேச்சுப் பரவியிருந்தது. வீடு திரும்பிய வாரத்தில், முன்பின் தெரியாத ஒருவர் மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழங்களும் எடுத்துக்கொண்டு வந்தார். தாம் நிபோங் திபாலில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்த சுப்பையா என்றும், முன்னொரு காலத்தில் மழையில் நின்ற தம்மை ராமதாஸ் நிறுவனக் காரில் ஏற்றிச் சென்றதாகவும் சொன்னார். ராமதாஸுக்கு நினைவில்லை. என்றாலும் ஒரு மழைநாள் உதவியை மறக்காமல் ஒரு மனிதர் பாலம் கடந்து வந்தாரே என்று அவர் நெகிழ்ந்து போனார். அதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். பின்னர் சில துக்க வீடுகளிலும் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். கெப்பாலா பத்தாஸில் அருகருகே அமர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். இறந்தவருக்கு எப்படிச் சொந்தம் என்று ஒருவரையொருவர் கேட்டபோது, இருவருமே தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டார்களாம். யார் இறந்தாலும் வந்து நிற்கிற நல்ல மனம் என்று ராமதாஸ் அவரை மெச்சுவார்.

ஆகவே சுப்பையாவின் மரண அறிவிப்பைக் கண்டதும், என் காரில் நாங்கள் இருவரும் புறப்பட்டது அந்த நன்றிக்காகத்தான். அங்கேதான் தார்ப்பாய் தூக்கிக்கொண்டது.

கருமக்கிரியை வரையிலும் ராமதாஸுக்குச் சரியான உறக்கமில்லை என்று மோகனா சொன்னார். மைலோ டின்னோடு வந்த மனிதரின் காரைக் கேட்பது அவருக்குக் கூசியது. சன்னல் ஓரத்தில் அமர்ந்திருந்த மனைவியைப் பார்த்தால் கேட்காமல் இருப்பதும் கூசியது. இறுதியில் என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

சுப்பையாவின் மனைவி மீனாட்சி எங்களை முன்கூடத்தில் அமரவைத்து, காப்பி கொடுத்தார். ராமதாஸ் பேச்சை எடுக்கத் தெரியாமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மையாரே தொடங்கினார்.

“நீங்க ஜெலுத்தோங் ராமதாஸ்தானேண்ணே? ஒங்களுக்கு ஒடம்பு முடியாம இருந்தப்ப இவரு வந்து பாத்தாரே.”

“மறக்க முடியுமாம்மா? மழையில ஏத்திவிட்டத நெனப்பு வச்சிக்கிட்டு வந்தாரு.”

மீனாட்சி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“மழையாவது ஒண்ணாவது. ஒங்க கார பாக்கத்தான் வந்தாரு.”

ராமதாஸ் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டார். அந்த அம்மையார் சொன்னவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். சுப்பையா பிற்காலத்தில் வாங்கிய கார் தோட்டத்து வாய்க்கால் பாலத்தில் மோதியதில், ரேக்கைத் தாங்கும் கூடு உடைந்துவிட்டது. அதற்கு மாற்று எங்கும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ராமதாஸ் பிழைக்க மாட்டார் என்று யாரோ சொல்லக் கேட்டு, சுப்பையா பேருந்து பிடித்து வந்தார். பழங்களை வாங்கிக் கொடுத்ததே மீனாட்சிதான். நோயாளி எழுந்து அமர்ந்து சிரித்துப் பேசியதைப் பார்த்துவிட்டு, அவர் காரைப் பற்றி வாய் திறக்காமல் திரும்பிவிட்டார். மழைக் கதை அந்த நேரத்தில் அவர் வாயில் வந்தது. அதன் பிறகு நாள்தோறும் நாளிதழின் மரண அறிவிப்புகளில் ஜெலுத்தோங் என்ற ஊர்ப்பெயரைத் தேடினாராம்.

“என் பேரையா?” என்றார் ராமதாஸ். அவர் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது.

“ஒங்க பேரத்தான். தெனமும் பாப்பாரு. கடைசியில அவரே முந்திக்கிட்டாரு.”

தம்முடைய சாவுக்காக ஒருவர் பொறுமையோடு காத்திருந்ததை, அதே பொறுமையோடு பிறர் வீடுகளில் காத்திருந்த மனிதர் அன்றுதான் அறிந்தார். பிறகு, ஏன் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பேசி முடித்திருக்கலாமே என்று தடுமாறினார்.

“உயிரோட இருக்கற மனுசங்கிட்ட அத எப்பிடிண்ணே கேக்கறது?” என்றார் மீனாட்சி.

ராமதாஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை. மோகனா எப்படி இருக்கிறார் என்று மீனாட்சி விசாரித்தபோது, வாடகைக் காரில் ஏற்றிய நாளைப் பற்றி மட்டும் சொன்னார். அந்த அம்மையார் எழுந்து உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். விலை பேச வேண்டாம் என்றார்.

“வேண்டியத எடுத்துக்கிட்டு, கார மறுபடி மூடி வச்சிட்டுப் போங்க. வாசல் மொட்டையா இருக்கக் கூடாது.”

மறுநாள் இத்ரீஸ் நிபோங் திபாலுக்கு வந்து ரேக்கைக் கழற்றினார். பட்டறையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்தபோது உண்மை வெளியாயிற்று. சுப்பையாவுடைய ரேக்கில் கூடு உடைந்திருந்தது. பற்கள் புதியவை போல் இருந்தன. ராமதாஸுடைய ரேக்கில் பற்கள் தேய்ந்திருந்தன. கூட்டில் ஒரு கீறலும் இல்லை. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்திருக்கிறது.

“கெப்பாலா பத்தாஸ்ல பக்கத்துல ஒக்காந்து சாப்ட்டீங்களே,” என்றார் இத்ரீஸ், கையைத் துடைத்தபடி. “அங்கயே வாயத் தொறந்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்லா.”

“ஒரு காருதான் ஓடியிருக்கும்,” என்றார் ராமதாஸ். “யாரோடது?”

இத்ரீஸ் நல்ல தண்டை நல்ல கூட்டுக்குள் செலுத்தி, கிரீஸ் தடவி மூடினார்.

கார் வீட்டுக்கு வந்த அன்று, மோகனா வாசலில் வெகுநேரம் நின்றார். பிறகு முதுகைத் திருப்பி, அமர்ந்து, கைப்பிடியைப் பற்றினார். இடது காலைத் தூக்குவதற்கு முன்பைவிட நேரம் பிடித்தது. நாங்கள் இருவரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு மூடும் ஓசை கேட்ட பிறகே திரும்பினோம். சிகிச்சை மீண்டும் தொடங்கியது. ராமதாஸ் நாளிதழில் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதை நிறுத்திவிட்டார்.

இவ்வாண்டு தீபாவளி கழிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். பிற்பகலில், மோகனா சிகிச்சைக்குப் புறப்பட்டுக் காரில் ஏறிக்கொண்டிருந்தபோது, வாசலில் புதியவர் ஒருவர் வந்து நின்றார். பெயர் சிவநேசன், ஊர் கெப்பாலா பத்தாஸ் என்றார். ஐயாவுக்கு உடல் நலமில்லை என்று கேள்விப்பட்டதாகவும், இந்தப் பக்கம் வந்ததால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எண்ணியதாகவும் சொன்னார். கையில் ஒரு பையில் ஆரஞ்சுப் பழங்கள் இருந்தன. பேசும்போது அவர் கண் இரண்டு முறை காரின் பக்கம் போய்த் திரும்பியது.

ராமதாஸின் முகத்தில் நிபோங் திபால் கொட்டகையின் முன் நான் கண்ட அதே வெளுப்பு பரவியது. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டார். விழுந்துவிடுவாரோ என்று நான் ஓர் அடி முன்னே போனேன். அவர் விழவில்லை. மூச்சை இழுத்துவிட்டு, வாசற்கதவைத் திறந்தார்.

“உள்ள வாங்க தம்பி. ஒங்க கார்ல என்ன போச்சு?”

சிவநேசனின் கையிலிருந்த பை தரையில் விழுந்து, பழங்கள் கால்வாய் வரைக்கும் உருண்டன. அவர் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். அந்த அளவு அதிர்ச்சியை நான் எந்தத் துக்க வீட்டிலும் ஒருவர் முகத்தில் கண்டதில்லை.

“பயப்படாம சொல்லுங்க. நான் உயிரோட இருக்கும்போதே கேளுங்க,” என்றார் ராமதாஸ். “அந்தக் கதவையும் அந்த சீட்டையும் மட்டும் கேக்காதீங்க.”

காருக்குள்ளிருந்து மோகனா தம் காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்தினார்.