லிக்டன்ஸ்டைன் போகிற வழியில் வெள்ளிமலை

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில் குடையும் கம்பளியும் விற்கிற உமர் பாரூக் தன் ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு நாட்டின் மேல் ஆசைப்பட்டார். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆசையை வெளியே சொல்லாமல் இருந்ததில்தான் எல்லாம் வந்தது.

நாட்டின் பெயர் லிக்டன்ஸ்டைன். பஸ்ஸில் இரண்டு பருத்த ஆட்களுக்கு நடுவே ஒண்டிக்கொண்ட பிள்ளையைப் போல, சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையில் கிடக்கிற மலைநாடு. மொத்த ஜனமே நாற்பதாயிரம் சொச்சம், அதாவது கள்ளக்குறிச்சி டவுனைவிடக் கம்மி. கைப்பேசியில் ஒரு படம் பார்த்திருந்தார்: மலை, மலைமேல் கோட்டை, கீழே கழுத்து மணியோடு ஒரு மாடு. அவரை மயக்கியது மாடோ கோட்டையோ இல்லை, அளவு.

"பாரீஸுக்குப் போனா ஒரு மூலையதான் பாத்துட்டு வர முடியும். இது முழு நாடு. மிச்சம் வெக்காம பாத்துடலாம்" என்றார் மனைவி அத்தியாவிடம். கட் பீஸ் வாங்கிப் பழகாத வியாபாரி.

அத்தியா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "முப்பது வருஷமா மலைக்காரங்களுக்குக் கொட விக்கிறீங்க. ஒரு நாளாவது கல்வராயன் மலமேல ஏறினதுண்டா?"

"அது வியாபாரம். இது டூரு."

"மக்காவுக்கே இன்னும் போவல நாம. பிளேன் அந்தப் பக்கமாத்தான போவும்? மேல இருந்தே சலாம் சொல்லிடுவீங்களா?"

அந்தக் கேள்வி பாரூக்கின் நெஞ்சில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அடுத்த வருஷம் மக்காவுக்கு உம்ரா யாத்திரை கட்டாயம் போவோம் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் தமிழழகனின் பிரவுசிங் சென்டருக்குப் போனார்.

தமிழழகன் விசா பாரம் நிரப்பினான். சுவிட்சர்லாந்து விசா, சூரிச்சில் இறக்கம், ரயில், அப்புறம் பஸ். தினப்படி திட்டம் எழுதும் இடத்தில் விரல் நின்றது.

"பாய், மூணாவது நாளுக்கு இன்னா போட்றது? நாடு ரெண்டாம் நாள் மத்தியானமே முடிஞ்சிடுது."

"திரும்ப மொதல்லேர்ந்து போடு."

போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது எதிர் டீக்கடை ராமசாமி கேட்டார்: "இன்னா பாய், பாஸ்போர்ட்டு போட்டோவெல்லாம்? உம்ராவா?"

பாரூக் சிரித்தார். ஆமாம் என்று சொல்லவில்லை. இதைப் பிற்பாடு அத்தியாவிடம் மூன்று தடவை சொன்னார். ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. சொன்னால் லிக்டன்ஸ்டைனை விளக்க வேண்டும். ஹஜ்ஜும் உம்ராவும் செய்யாத மனுஷன் மாடு பார்க்க ஏன் போகிறான் என்பதையும் விளக்க வேண்டும். சிரிப்பதற்கு அவ்வளவு சிரமம் இல்லை.

சாயங்கால அசர் தொழுகைக்குள் கடைத்தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. நிஜம் தெரிந்த தமிழழகன், வாடிக்கைக்காரர் விஷயமென்று திருத்தப் போகவில்லை.

மக்காவுக்குப் போகிறவர் கிளம்புமுன் வீடு வீடாகப் போய், "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் செஞ்சிருந்தா மாப்பு குடுங்க" என்று கேட்பது வழக்கம். பாரூக் யாரிடமும் போகவில்லை. உம்ராவுக்கா போகிறார், கேட்க? பாய் கூச்சப்படுகிறார் என்று ஜனங்களே எடுத்துக்கொண்டு, ஒரு வாரமாகக் கடைக்கு வந்து கேட்காமலே கொடுத்தார்கள். "ரெண்டு வருஷம் முன்ன ஓட்டக் கொட குட்த்தீங்க. போனாப் போவுது, எனக்கும் துவா செய்ங்க" என்றார் ஒருவர். ஒரு பெண்மணி மகள் கல்யாணத்துக்காக அழுதுவிட்டுப் போனார். பாரூக் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். வரவரத் தலை கனத்தது.

ராத்திரி சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தவரிடம் அத்தியா கேட்டார்: "எல்லாரும் குட்த்துட்டாங்க. இருசப்பன் குட்த்தானா?"

இருசப்பன் கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலைக்காரன். கடைத்தெருவில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். ஆறு வருஷத்துக்கு முன் பாரூக்கின் கடையில் ஒரு குடைக்கட்டு காணாமல் போனது. அன்றைக்குக் கடைசியாக மூட்டை இறக்கியவன் அவன். டீக்கடை வாசலில் பத்துப் பதினைந்து பேர் நிற்கையில், "வேற யாரு, இருசப்பன்தான்" என்று பாரூக் சொன்னார். போலீஸ், கேஸ் எதுவும் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு யாரும் அவன் முதுகில் மூட்டை ஏற்றவில்லை. அவன் மலைக்கே திரும்பிப் போனான். மூன்று மாதம் கழித்து நோன்புக்கு முன் வெள்ளையடிக்கையில், பழைய போர்டுக்குப் பின்னால் பரணில் கட்டு கிடைத்தது. பாரூக் தூசி தட்டிக் குடைகளை விற்றார். வாயைத் திறக்கவில்லை. கடைத்தெருவுக்குத் தெரியாது, அத்தியாவுக்குத் தெரியும்.

"நீயும் கூட வாயேன்" என்றார் பாரூக்.

"நான் எதுக்கு? அவன் திருடன்னு நானா சொன்னேன்?"

மறுநாள் காலை பஸ்ஸில் பாரூக் முதன்முதலாகக் கல்வராயன் மலை ஏறினார். வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்து நிமிர்ந்தது. வெளியே பார்க்காமல் முன் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு போனார்.

இருசப்பன் யாருடைய காட்டிலோ கூலிக்கு மரவள்ளிக் குச்சி நறுக்கிக்கொண்டிருந்தான். ஆளைக் கண்டதும் கத்தியோடே எழுந்து வந்தான்.

"வாங்க பாய். உம்ராக்குப் போறீங்களாமே, சந்தையில சொன்னாங்க. எங்கிட்டயும் வருவீங்கன்னு வூட்ல சொல்லிக்கினே இருந்தேன்."

பாரூக் பஸ்ஸில் பாடம் செய்துகொண்டு வந்ததை ஒப்பித்தார். "தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஏதாச்சும்..."

"குட்த்தேன் பாய்" என்றான் இருசப்பன், முடிக்க விடாமல். "நல்லபடியா போய்ட்டு வாங்க. பொண்ணு கலையரசி நர்ஸுக்குப் படிக்கிறா. அங்க நின்னு அவளுக்கு ஒரு வார்த்த வேண்டிக்கங்க."

வந்த வேலை முடிந்தது. கீழே இறங்கும் பஸ்ஸும் நின்றிருந்தது. இருசப்பன் தூக்குவாளியைத் திறந்து அவித்த கிழங்கை நீட்டினான். பாரூக் ஒரு துண்டை வாயில் போட்டார். பஸ்ஸைப் பார்த்தார், ஏறவில்லை.

"இருசப்பா, அந்தக் கொடக்கட்டு கெடச்சிடுச்சு. பரண்லதான் இருந்துது."

"எப்போ?"

"அந்த வருஷமே. நோம்புக்கு முன்ன."

இருசப்பன் கத்தி முனையால் மண்ணைக் கீறினான். "இன்னா பண்ணீங்க அத்த?"

"வித்துட்டேன்."

"ஆமா. அந்த வருஷம் மழ நல்லாப் பேஞ்சுது." கீறியதைக் காலால் அழித்துவிட்டுச் சொன்னான்: "போவட்டும். மக்காவுக்குப் போற மனுஷன். குட்த்தது குட்த்ததுதான்."

இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாங்கிய மாப்பு இன்னும் கனத்தது.

"மக்காவுக்கு இல்ல இருசப்பா. உம்ரான்னு அவங்களா நெனச்சிக்கினாங்க. நான் சும்மா இருந்துட்டேன்."

"பின்ன எங்க?"

பாரூக் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். இருசப்பன் படத்தைப் பார்த்தான். தலையைத் தூக்கிச் சுற்றிலும் இருந்த மலையைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

"மாடு நல்லா கீது" என்றான். பிறகு கையை நீட்டினான். "அப்போ குட்த்ததத் திருப்பிக் குடுங்க பாய்."

"இன்னாத்த?"

"மாப்பதான். அது மக்காவுக்குப் போறவருக்குக் குட்த்தது. மல பாக்கப் போறவருக்கு இல்ல."

"நான் இப்ப இன்னா செய்யணும், சொல்லு."

"எங்கிட்ட தனியா வந்து சொல்றீங்க. அன்னிக்கித் தனியாவா சொன்னீங்க? நாளைக்கிக் காலைல நான் கீழ வரேன்."

மறுநாள் விடிந்ததும் பாரூக் டீக்கடை வாசலில் போய் நின்றார். ஒரு டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். இருசப்பன் வருவதற்குள் முடித்துவிட்டால் அவன் முகத்துக்கு நேரே சொல்கிற பாடாவது மிச்சம் என்று ஒரு நப்பாசை. இருசப்பன் திருடவில்லை, கட்டு பரணில் கிடைத்தது, தான் போவது உம்ராவுக்கு இல்லை என்று ஒரே மூச்சில் கொட்டினார்.

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "அப்போ நான் சொல்லி வுட்ட துவா?" என்றார் ஓட்டைக் குடைக்காரர்.

"அஞ்சு வருஷம் என் கடையில டீ குடிச்சவன் அவன்" என்றார் ராமசாமி. "அன்னிக்கி நீங்க சொன்னப்புறம் நான் அவனுக்கு கிளாஸ் கூடக் குடுக்கல பாய்." அவர் பாரூக்கின் கிளாஸை வாங்கி வைத்தார். மறுபடி நிரப்பவில்லை.

தமிழழகன் மெதுவாகக் கேட்டான்: "பாய், பாரத்தக் கிழிச்சிடட்டா?"

"வேணாம்" என்றார் பாரூக். அந்த அவசரத்துக்கு அவருக்கே வெட்கமாக இருந்தது.

அப்போது வெள்ளிமலை பஸ் வந்து நின்றது. இருசப்பன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினான். கூட்டத்தைப் பார்த்தான், பாரூக்கைப் பார்த்தான்.

"இன்னா பாய், நான் வரதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் இருசப்பா. எல்லாரையும் கேளு."

"அன்னிக்கி நான் இருக்கசொல்லதான சொன்னீங்க? இங்கதான நின்னேன்?" அவன் பெஞ்சை ஒட்டி ஓர் இடத்தில் போய் நின்றுகொண்டான். "இன்னொரு வாட்டி சொல்லுங்க."

முதல் தடவை பாரூக் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருந்தார். இந்தத் தடவை தரை உதவவில்லை. தலையைத் தூக்கி, இருசப்பன் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.