யாரும் வர வேண்டாம் என்று ஜெபித்தேன்

பத்தாவதோடு நின்றவள் நான். எழுதத் துணிந்ததற்கு மன்னியுங்கள். நம் சபையில் சாட்சி சொல்ல எழுந்து நின்றால் எனக்கு நாக்கு எழும்பாது. இதைப் படித்து உங்களில் சிலருக்கு வருத்தம் வரலாம். அதற்கும் சேர்த்து மன்னியுங்கள்.

போன வருஷம் மழைக்காலத்தில், என் மகள் ஷைனிக்கு டெல்லியில் அவள் ஆசைப்பட்ட பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள் வேறெதையும் கேட்டதில்லை. முடிவை போனில் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எங்கள் ஒற்றை அறை வீட்டின் பரணில் ஏறிப் படுத்துக்கொண்டாள். அழவில்லை. சாப்பிடவில்லை. பேசவில்லை. பேப்பரில் வருகிற செய்திகளெல்லாம் என் கண்முன் வந்தன. அவளைத் தனியே விட்டுக் குழாயடிக்குப் போகவும் பயந்தேன்.

அவளுக்காக உபவாசம் இருந்தவர்கள் நீங்கள். கேள்விப்பட்டதும் ஓடி வந்தீர்கள்.

"இதவிடப் பெருசா கர்த்தர் வச்சிருக்காரு மக்கா."

"எங்க அண்ணன் மவனுக்கும் இப்படித்தான். இப்ப துபாய்ல இருக்கான்."

அன்பாகத்தான் சொன்னீர்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். மேலே ஷைனி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். எல்லாரும் போனபின் முதன்முதலாக வாய் திறந்தாள்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்? எல்லாரும் துட்டி கேக்க வாராவ."

அடுப்படியில் முழங்காலிட்டேன். கல்லூரி இடம் கேட்கவில்லை. "ஆண்டவரே, நாளைக்கு யாரும் வர வேண்டாம். அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை தாரும்" என்று கேட்டேன்.

விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. தாராவியில் நம் சந்து முழுக்க முழங்கால் தண்ணீர். லோக்கல் ரயில் நின்றுபோய், ஐரோலிக்கு வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் அங்கேயே மாட்டிக்கொண்டார். யாரும் வரவில்லை. உங்கள் வீடுகளிலும் தண்ணீர் ஏறியதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தண்ணீர் எங்கள் வாசற்படியையும் தாண்டியது. "ஏட்டி, அரிசி டப்பாவப் பிடி!" என்று கத்தினேன். ஷைனி எழுந்து மேலிருந்து கை நீட்டினாள். அரிசி, மிக்ஸி, அவள் புத்தகங்கள், பைபிள் எல்லாம் ஏறின. கடைசியில் நானும் ஏறினேன். நிமிர்ந்து உட்கார முடியாத இடம். அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"நீயும் ஏதாச்சும் சொல்லேம்மா."

"எனக்கு ஒண்ணும் தெரியலயேட்டி."

அப்போதுதான் அழுதாள். மழைச் சத்தத்தை மீறி அழுதாள். "ரொம்ப ஆசப்பட்டேம்மா" என்றாள். நானும் அழுதேன்.

அழுது ஓய்ந்தபின் கீழே எட்டிப் பார்த்தாள். அவள் அப்பாவின் செருப்பு ஒன்று வாசலிலிருந்து மிதந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

"யம்மா, இதுவும் துட்டி கேக்க வருது பாரு!"

சிரித்தாள். பிறகு, "பசிக்கி" என்றாள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தோம்.

நான் கேட்ட வார்த்தை இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. என் பிள்ளை கிடைத்தாள். ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம். இப்போதெல்லாம் ரிசல்ட்டில் மனம் உடைந்த பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போனால், பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தாலும் என்ன சொல்வது என்று கலங்காதீர்கள். அதை ஆண்டவரிடம் விட்டுவிட்டுப் பிள்ளையின் அருகில் இருங்கள்.

அந்த மழைக்கு மறுநாள் தண்ணீர் வடிந்தது. தரையைக் கழுவிவிட்டு, செம்பூரில் ஏற்கெனவே இடம் கிடைத்திருந்த கல்லூரியில் ஷைனியைச் சேர்த்துவிட்டு வந்தோம்.