பிரெட் பெட்டியில் போன சூப்பர்வைசர்

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமானால் முதலில் கெட்டதாகப் பத்து வார்த்தை சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது. மனுஷிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் துவைத்துக் காயப்போட்ட துணியை எடுத்து உதறி, அதே கொடியில் அதே இடத்தில் மறுபடி காயப்போடுவாள். நான் அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு நகர்ந்தால் பின்னாலேயே வந்து துடைப்பாள். "ஏன் அண்ணி, அழுக்கா இருக்கா?" என்று கேட்டால், "இல்லம்மா, சும்மா" என்பாள். அந்தச் சும்மாவைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்றைக்கு அவள் இல்லை. போய்ச் சேர்ந்து பல வருடமாயிற்று. ஆனாலும் பிரெட் வேகிற வாசனை எந்தத் தெருவில் வந்தாலும் எனக்கு ஒரு பதற்றம் வருகிறது, அண்ணி வருகிற நேரமாயிற்று, போட்டது போட்டபடி கிடக்கிறதே என்று. அப்படிப் பதறுவதற்கு வீட்டில் இப்போது ஆளில்லை. அதுதான் ஏக்கமாக இருக்கிறது.

அவள் பிரெட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். விடிவதற்கு முன் கிளம்பிப் போய் மதியம் திரும்புவாள். காதோரத்தில் மாவு ஒட்டியிருக்கும். பையில் உடைந்த ரஸ்க்கும் பிரெட் ஓரங்களும் இருக்கும். யாரும் ஆசைப்பட வேண்டாம், அது கோழிக்கு. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, தம்பியை வளர்த்து, வயரிங் வேலை பழக்கி, ஆளாக்கியது அவள்தான். தம்பி ஆளான பிறகு கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று இருந்தாளாம். தம்பி ஆளானபோது வந்து கேட்க ஆளில்லை. அந்தத் தம்பிதான் என் வீட்டுக்காரர். ஊரில் எல்லாருக்கும் வயர்மேன், அக்காவுக்கு மட்டும் இன்னும் பால் குடிக்கிற பிள்ளை.

நான் கல்யாணமாகி வந்தபோது என்னோடு ஒரு தையல் மெஷினும் இரண்டு கோழிகளும் வந்தன. சிரிக்காதீர்கள். அம்மா, இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணனோடு போய் இருக்கப் போகிறாள், அண்ணன் இருப்பது மூன்றாவது மாடியில். கோழிக்கு அங்கே ஏது இடம்? புறப்படும்போது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையில் ஒப்படைத்தது கோழியைத்தான். என்னை யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

அண்ணி வாசலில் நின்று கூடையைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"கோழி அண்ணி."

"கோழின்னு தெரியுது. எதுக்கு?"

"நல்லா முட்டை வைக்கும்."

"எங்கிட்ட இருக்கறது மட்டும் கல்லா வைக்குது?"

சொல்லிவிட்டு இரண்டையும் வாங்கி, இறக்கையைத் தூக்கிச் செல் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், வாயைத் திறந்து பார்த்தாள். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு பார்க்கவில்லை. "சீக்கு ஒண்ணும் இல்ல. ஆனா உடனே சேர்க்கக் கூடாது, தனியா வை" என்றாள். தனியாக என்றால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், என் தையல் மெஷினை ஒதுக்கிப் போட்ட அதே மூலையில். நாங்கள் மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

கொல்லையில் அவளுக்கு ஐந்து கோழிகள். இரண்டு கறுப்பு, ஒரு நொண்டி, ஒரு மொட்டைக் கழுத்து. ஐந்தாவது பழுப்பு நிறத்தில் வாட்டசாட்டமாக இருக்கும். அதற்குப் பெயர் சூப்பர்வைசர். பிரெட் கம்பெனியிலும் ஒரு சூப்பர்வைசரம்மா இப்படித்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொருத்தர் தட்டையும் எட்டிப் பார்ப்பாளாம். இந்தச் சூப்பர்வைசர் சாப்பிட்டு முடிக்காமல் மற்ற நாலும் தீனியில் வாய் வைக்காது. கூட்டுக்குள் இருக்கும் கம்பில் உயரமான இடம் அதற்குத்தான்.

சில நாள் பொறுத்து, என் வீட்டுக்காரர் கொல்லையின் நடுவில் கம்பி வலை அடித்துக் கொடுத்தார். அந்தப் பக்கம் அவள் கோழிகள், இந்தப் பக்கம் என் சிவப்பியும் புள்ளியும். ஒன்றையொன்று பார்க்கலாம், தொட முடியாது. வலையின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் தீனி வைப்பாள் அண்ணி. பக்கத்தில் நின்று தின்று பழகினால் பகை குறையும் என்பது கணக்கு. மற்ற நாலும் இரண்டொரு நாளில் அடங்கிவிட்டன. சூப்பர்வைசர் மட்டும் தன் தீனியை விட்டுவிட்டு வலைக்கு இந்தப் பக்கம் யார் தின்கிறார்கள் என்று காவல் நின்றது. கவனம் வேறு பக்கம் போகட்டும் என்று அண்ணி ஒரு முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். முட்டைக்கோஸையும் அதுவே வளைத்துப் போட்டுக்கொண்டது.

வீட்டுக்குள்ளும் ஒரு வலை இருந்தது. அண்ணி நல்ல உயரம். நான் குள்ளம். அடுப்படியில் டப்பாக்கள் எல்லாம் மேல் தட்டில், அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தன. சர்க்கரை, டீத்தூள், பருப்பு எது வேண்டுமானாலும் நான் அவளைத்தான் கேட்க வேண்டும். நான் ஸ்டூல் போட்டு எடுத்துக் கீழே வைத்தால், அடுத்த முறை பார்க்கும்போது டப்பா மேலே ஏறியிருக்கும். "எதுக்கும்மா ஸ்டூல்ல ஏறி விழறே, என்னைக் கேட்டா எடுத்துத் தர மாட்டேனா" என்பாள். கேட்டால் எடுத்தும் தருவாள், முகம் சுளிக்காமல் தருவாள். அதுதான் தாங்க முடியாது. கொடுமை பண்ணியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஒரு சிட்டிகை உப்புக்கு நாளெல்லாம் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் நான் அந்த வீட்டில் குடியிருக்கிறேனா, விருந்துக்கு வந்திருக்கிறேனா என்றே எனக்குப் புரியவில்லை. அவள் ஷிப்டுக்குப் போயிருக்கும் காலை நேரத்தில் டீ வேண்டுமென்றால் ஸ்டூல்தான். யாரும் பார்க்காமல் இறக்கி, யாரும் பார்க்காமல் ஏற்றி வைப்பேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "அக்கா ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டா" என்பார். நான் தப்பாக நினைப்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

ஒரு நாள் காலையில், சத்தம் ஒன்றும் இல்லையே, எல்லாம் ராசியாகிவிட்டன போலிருக்கிறது என்று அவராகவே முடிவு கட்டி வலையைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். வயரிங்கில் சத்தம் இல்லையென்றால் கோளாறு இல்லை. கோழி அப்படியா? நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது புள்ளி கூரை மேல் நின்றது. சிவப்பியைக் காணோம். தேடிப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தலையைச் செருகிக்கொண்டு நின்றது. கொண்டை கிழிந்து, கழுத்தெல்லாம் ரத்தம்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. துணிமணியைப் பையில் திணித்தேன். சிவப்பியை ஒரு துண்டில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டேன். வாசலுக்கு வந்தால் எதிரே அண்ணி, வேலை முடிந்து வருகிறாள்.

"உங்க வீட்டுல உங்க கோழியே இருக்கட்டும் அண்ணி. நானும் போறேன், என் கோழியும் போகுது."

அவள் சிவப்பியின் கழுத்தைப் பார்த்தாள். பிறகு என் பையைப் பார்த்தாள்.

"எங்க போவே?" என்றாள்.

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். அம்மா வீட்டுச் சாவியை வீட்டின் சொந்தக்காரரிடம் கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது மாடியில் அம்மாவே ஓரமாக இருக்கிறாள். நான் வாசலிலேயே நின்று அழுதேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, கோழியை வைத்துக்கொண்டு அழுதேன்.

அண்ணி சிவப்பியை வாங்கி, மஞ்சளைக் குழைத்துக் கழுத்தில் பூசினாள். என் பையைத் தூக்கி உள்ளே வைத்தாள். அப்புறம் கொல்லைக்குப் போய்ச் சூப்பர்வைசரைப் பிடித்து, பிரெட் அடுக்கிக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் போட்டு, மேலே இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துக் கட்டினாள்.

"அதை எங்க கொண்டு போறீங்க?"

"பன் அக்கா வீட்டுல கொஞ்ச நாள் இருக்கட்டும்."

பன் அக்கா என்பது அவளோடு வேலை பார்க்கும் சிநேகிதி. பன் போடும் பிரிவில் இருந்ததால் அந்தப் பெயர்.

"கொத்து வாங்கினது என் கோழி. உங்க கோழியை எதுக்கு அனுப்பறீங்க?"

"புதுசை எத்தனை நாள் ஒளிச்சு வெச்சாலும் வெளிய விட்டா கொத்து விழும். கொத்துறதை எடுத்துட்டா மத்தது தானா கலந்துரும். அப்புறம் அது திரும்பி வரும்போது அதுதான் புதுசு."

அவள் சொன்னபடியே நடந்தது. சூப்பர்வைசர் இல்லாத கொல்லையில் ஒரு நாள் முறைத்தன, ஒரு நாள் விரட்டின, அதற்குப் பிறகு ஏழும்... இல்லை, ஆறும் ஒரே தட்டில் தின்றன. சிவப்பி உயரக் கம்பில் ஏறி உட்கார்ந்தது. சூப்பர்வைசர் திரும்பி வந்த அன்று அண்ணி பெட்டியைக் கொல்லையில் வைத்துக் கட்டை அவிழ்த்தாள். வெளியே வந்தது, நெஞ்சை நிமிர்த்தியது, தீனித் தட்டுக்கு நடந்தது. நொண்டி ஒரு கொத்து கொத்தியது. நொண்டி! அதுவரை அதன் எதிரில் தலை நிமிராத நொண்டி. சூப்பர்வைசர் பின்வாங்கி, பெட்டிப் பாம்பாக அடங்கி, சுவரோரமாய் நின்று மற்றவை தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அண்ணி மட்டும் கை கழுவக்கூடப் போகாமல் அந்தக் கோழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பிடக் கூப்பிட்டேன். அப்புறம் சாப்பிடுகிறேன் என்றாள்.

மறுநாள் ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். "சித்தி வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன். லீவு கிடக்குது" என்றாள். அதுவரை அவள் லீவு எடுத்து நான் பார்த்ததில்லை. தன் கோழியின் இடத்தை என் கோழி பிடித்துக்கொண்டதில் கோபம், முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன்.

அவள் தெரு திரும்பியதும் நான் அடுப்படியில் இறங்கினேன். மேல் தட்டு டப்பாவெல்லாம் கீழே வந்தன. நான் இடது கைக்காரி, அதனால் கரண்டிகள் இடது பக்கம் போயின. தையல் மெஷினைத் தொட்டியடியிலிருந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்தச் சொன்னேன், வீட்டுக்காரர் வாயைத் திறக்காமல் நகர்த்தினார். யாரையும் கேட்காமல் டீ போட்டேன். முதல் டீயில் டீத்தூள் அதிகமாகிக் கசந்தது. ஆனாலும் முழுசாகக் குடித்தேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் தைத்துக்கொண்டே கொல்லையில் கோழி கிளறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வீடு என் வீடாக இருந்தது.

அண்ணி ஒரு மதியம் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தவள், பையைக் கீழே வைக்காமல் வாசற்படியிலேயே நின்றாள். தட்டுகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"டீத்தூள் எங்கம்மா வெச்சிருக்கே?"

"கீழ்த்தட்டுல, ஓரமா இருக்கு அண்ணி."

குனிந்தாள். முழங்கால் சடக்கென்றது. எடுத்தாள், டீ போட்டாள், டப்பாவை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்கப்புறமும் அவள் எந்த டப்பாவையும் மேலே ஏற்றவில்லை. குனிந்து குனிந்துதான் எடுத்தாள்.

சில வாரம் கழித்துப் பன் அக்கா முட்டை வாங்க வந்தாள். அண்ணி உள்ளே இருந்தாள். நான் கொல்லையில் முட்டையைப் பொறுக்கிக்கொண்டே பேச்சுவாக்கில், "அண்ணி சித்தி வீட்டுக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து சாதுவாயிட்டாங்க" என்றேன்.

"எந்தச் சித்தி? என் வீட்டுலதான இருந்தா. அங்கேர்ந்துதான தினம் டூட்டிக்கு வந்தா."

நான் முட்டைக் கூடையோடு அப்படியே நின்றேன். பன் அக்காவுக்கு நான் ஒன்றும் அறியாதவள் என்பது அப்போதுதான் உறைத்தது. குரலைத் தாழ்த்தினாள்.

"முதல்ல கோழியைக் கொண்டாந்து விட்டா. கோழி போச்சுன்னு நான் கூட்டிப் பெருக்கி முடிக்கல, அவளே பையோட வந்து நிக்கறா. என்னடி இதுன்னேன். அந்தப் பொண்ணுக்குப் போக வேற இடமில்ல, நான்தான் கொஞ்சம் நகரணும்னா. ராத்திரி ஆனா, கோழியெல்லாம் கூட்டுல அடைஞ்சிருக்குமான்னு கேட்டுக்கிட்டே இருப்பா. வீட்டு ஞாபகம், வேற என்ன. எத்தனை நாளைக்கு வந்திருக்கேன்னு கேட்டதுக்கு, கோழிக்கு எத்தனை நாளோ அத்தனை நாள்னா."

பன் அக்கா முட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் உள்ளே போனேன். அண்ணி கீழ்த்தட்டுக்கு முன்னால் குனிந்து டீத்தூள் டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்வது? பன் அக்கா சொல்லிவிட்டாள் என்றா? மன்னித்துவிடுங்கள் என்றா? அவள் அதையெல்லாம் காதில் வாங்குகிற ஆள் இல்லை.

"எனக்கும் சேர்த்துப் போடுங்க அண்ணி" என்றேன். "நீங்க போட்டுக் குடிச்சு நாளாச்சு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வந்த நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஏன், நீ போடறது டீ மாதிரி இல்லையா?"

"இல்ல அண்ணி" என்றேன்.

"அதான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு டம்ளரை எடுத்து வைத்தாள்.