இடது மட்கார்டில் ஒரு சிவப்புக் குமிழ்

வியாழக்கிழமை காலை, ஒரு குத்தகைப் பத்திரத்தின் வரைவை வரி வரியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது தம்பி சேகரிடமிருந்து அழைப்பு வந்தது. அந்த வேலையின் நடுவில் நான் கைப்பேசியை எடுப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அழைக்கிறான் என்பதால் எடுத்தேன். "அண்ணா, பாய் போயிட்டாருங்கண்ணா," என்றான். எந்தப் பாய் என்று நான் கேட்கவில்லை. பெயர் சேர்க்காமல் பாய் என்றால் எங்கள் வீட்டில் ஒருவர்தான்.

நல்லம்பள்ளியில் வாகனங்களுக்கு மின்வேலை செய்யும் பட்டறை வைத்திருந்த அப்துல் கபூர் அவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். அன்று காலை வழக்கம்போல் பட்டறையைத் திறந்து, ஒரு டிராக்டரின் முகப்பு விளக்கைக் கழற்றி மேசையின்மேல் வைத்தவர், நெஞ்சை அடைக்கிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என்னைவிட இரண்டு வயது இளையவர்.

இரங்கல் கூட்டத்தில், பாயைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் என்னைப் பேசச் சொன்னீர்கள். நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுகள் பேசியவனுக்கு அன்று நாக்கு எழவில்லை. அப்போது சொல்லாமல் விட்டதை இங்கே எழுத்தில் வைக்கிறேன். அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் இன்னதற்கு என்பது பதிவாக வேண்டும்.

சேகர், பள்ளத்தில் இறங்கிய வண்டிகளை மீட்டெடுக்கும் தொழில் செய்கிறான். பழைய ஜீப் ஒன்றை வாங்கி, அதன் முன்பக்கம் வின்ச் பொருத்தினான். பேட்டரியின் மின்சாரத்தில் சுழலும் உருளையும், அதில் சுற்றிய இரும்பு வடமும் சேர்ந்ததுதான் வின்ச். தேவையானபோது பேட்டரியிலிருந்து அதை அடியோடு துண்டிக்க ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வேண்டும் என்று கபூர் பாய் சொல்லியனுப்பினார். அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பாதுகாப்புச் சாதனம் ஆயிற்றே, படித்துப் பார்த்து வாங்கத் தெரிந்தவன் வாங்கட்டும் என்பது என் எண்ணம்.

தருமபுரியில் மூன்று கடைகள் ஏறி இறங்கி, ஐந்நூறு ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட பெட்டி ஒன்றை வாங்கி, பட்டறையில் அவர் முன்னால் வைத்தேன். வின்ச் முழுச் சுமையில் நானூறுக்குமேல் இழுக்கும் என்று அவரே சொல்லியிருந்தார். ஐந்நூறு என்பது தாராளம்.

அவர் பெட்டியைத் திறக்கவில்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மறுபடியும் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"வக்கீல் சார், நீங்களே படிங்க."

படித்தேன். ஐந்நூறு என்பது ஐந்து விநாடிகளுக்கு மட்டும். தொடர்ந்து தாங்கக்கூடியது நூறு. பிறர் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களின் பொடி எழுத்தைப் படிப்பதே என் தொழில்.

"ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இது போதுங்க. அது ரெண்டு செகண்டு கத்திட்டு அடங்கிடும். வின்ச் அப்படியா? லாரி மேல ஏறுற வரைக்கும் உறிஞ்சிக்கிட்டே நிக்குமுங்க. உள்ள இருக்கிற செம்பு சூடாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் வெளிய குமிழத் திருப்புனா குமிழ் மட்டும் திரும்பும். உள்ள ஒண்ணும் பிரியாது."

"அப்படியானால் சுவிட்ச் இல்லாமலே இருக்கலாமே, பாய்?" என்றேன். கொஞ்சம் வீம்பில்தான் கேட்டேன்.

"இல்லாட்டி இல்லைன்னு தெரியுமுங்களே. இது இருக்குதுன்னு நம்பி நிப்பாங்க. அதுதானுங்க ஆபத்து."

பட்டறையில் காத்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவர், "வக்கீலுக்கே பொடி எழுத்துல நாமம் போட்டுட்டானுங்களா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். கபூர் பாய் சிரிக்கவில்லை. "கடைக்காரர் பொய் சொல்லலைங்க. நாமதான் எத்தனை நேரத்துக்குன்னு கேக்கல," என்று மட்டும் சொன்னார். நான் கேட்கத் தவறியதை நாம் கேட்கத் தவறியதாக மாற்றிச் சொன்னதை அப்போதே கவனித்தேன். பிறகு அவரே, முந்நூறு ஆம்பியரை ஓயாமலும் ஐந்நூறை ஐந்து நிமிடமும் தாங்கும் சுவிட்ச் ஒன்றைச் சேலத்திலிருந்து வரவழைத்தார். நான் வாங்கியதை என்னிடமே கொடுத்தார். "வெச்சுக்கங்க, பேப்பர் பறக்காம இருக்கும்," என்றார்.

அதை எங்கே பொருத்துவது என்பதில்தான் எங்களுக்குள் உண்மையான வாக்குவாதம் நடந்தது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே, பூட்டிய கதவுக்குள் இருக்க வேண்டும் என்றேன் நான். அவர் காட்டிய இடம் வண்டிக்கு வெளியே, இடது மட்கார்டின் பக்கவாட்டு. பேட்டரிக்கு அருகில் இருப்பதால் கேபிள் நீளாது. அறுந்து தெறித்தால் வடம் பாயும் நேர்கோட்டில் அந்த இடம் இல்லை. வலப்பக்கம் போக்குவரத்து இருக்கும், ஆட்கள் இடப்பக்கம்தான் நிற்பார்கள். இதையெல்லாம் நான் ஏற்றுக்கொண்டேன். என் ஆட்சேபம் ஒன்றே ஒன்றுதான்.

"வெளியில் இருந்தால் போகிற வருகிற எவரும் திருப்பலாம், பாய். சம்பந்தமில்லாத ஒருவர் கை வைத்து ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?"

"எவர் வேணும்னாலும் திருப்பணும்னுதானுங்க வெளிய வெக்கிறது."

"இயக்குகிறவன் என் தம்பி. நிறுத்துகிறவனும் அவன்தானே?"

"நிறுத்த வேண்டிய நேரத்துல உங்க தம்பி கை சும்மா இருக்கும்னு யாருங்க எழுதிக் குடுத்தது?"

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எவரும் என்னை அவ்வளவு சுருக்கமாக மடக்கியதில்லை. ஆனாலும் நான் உடனே இணங்கிவிடவில்லை. வண்டி நிற்கும்போது குமிழைக் கழற்றிச் சேகர் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும், வேலை நடக்கும்போது மட்டும் மாட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்தேன். அவர் ஒப்புக்கொண்டார். தானும் ஒரு நிபந்தனை போட்டார். சேகரை வின்ச்சின் பக்கத்தில் நிற்கவைத்து, துண்டால் கண்ணைக் கட்டி, "சுவிட்ச்சத் தொடுங்க," என்றார். நான்காவது முயற்சியில்தான் தடவாமல் நேராகத் தொட்டான். அவரிடம் வின்ச் பொருத்திய எல்லோருக்கும் இந்தச் சோதனை உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கடைசியாக அந்தச் சிவப்புக் குமிழைச் சுற்றி வெள்ளைப் பெயின்டில், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று ஒரு பெரிய அம்பை வரைந்தார். "படிக்கத் தெரியாதவங்களுக்குங்க," என்றார்.

அடுத்து எழுதுவதை நான் நேரில் காணவில்லை. தம்பி சொன்னதும், சம்பந்தப்பட்ட அம்மாள் சொன்னதும் முரண்படாததால் எழுதுகிறேன்.

பாலக்கோடு சாலையில், மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிச் சென்ற சிறுவண்டி ஒன்று மழை ஈரத்தில் வழுக்கி ஓரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பிற்பகல் நேரம். வண்டியின் உரிமையாளர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சரிந்த தக்காளிக் கிரேடுகளைச் சாலையோரம் அடுக்கிக்கொண்டிருந்தார். சேகர் வலது கையில் ரிமோட்டைப் பிடித்து, கையுறை அணிந்த இடது கையால், உருளையில் ஏறும் வடத்தை ஒழுங்குபடுத்தியிருக்கிறான். செய்யக் கூடாத செயல் அது. கூடாது என்று கபூர் பாய் அவனிடம் சொல்லியும் இருந்தார். வடத்தில் பிரிந்திருந்த ஒரு கம்பி கையுறையைக் கொக்கி போல் பிடித்தது. ரிமோட்டின் பொத்தானை விட்டான். வின்ச் நிற்கவில்லை. மோட்டாருக்கு மின்சாரம் விடும் சொலினாய்டு உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டது. உருளை கையை இழுத்துக்கொண்டே போனது. மட்கார்டை நோக்கி வலது கையை நீட்டினான். இடது கை சிக்கியிருந்ததால் ஒரு சாண் எட்டவில்லை.

"அக்கா! செவப்பு! திருப்புங்க!" என்று கத்தியிருக்கிறான்.

அந்த அம்மாள் கையில் இருந்த கிரேடைப் போட்டுவிட்டு ஓடி வந்து திருப்பினார். உருளை நின்றது. கையுறையை அறுத்துத்தான் எடுத்தார்கள். இரண்டு விரல்களில் தோல் உரிந்திருந்தது. கை முழுதாக இருந்தது.

மறுநாள் நான் அந்த அம்மாளைப் பார்க்கப் பாலக்கோடு சென்றேன். அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. என்னிடம் தமிழில் சொன்னார்: "எனக்கு அது இன்னா மிசினுன்னே தெரியாதுங்க. செவப்பா ஒண்ணு இருந்துச்சு, அம்பு போட்டிருந்துச்சு, திருப்பிட்டேன். அதுக்குப் போயி இவ்வளவு தூரம் வந்தீங்களா? தக்காளிதான் நசுங்கிப் போச்சு, அத யாரு கேக்கறாங்க!" என்று தன் கணவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். நான் இருக்கைக்குக் கீழே பூட்டிவைக்கச் சொன்ன பொருள் அது என்பதை அவரிடம் சொல்லவில்லை. கபூர் பாயிடம் சொன்னேன்.

அவர் அப்போது அந்தச் சுவிட்ச்சைப் பிரித்து, உள்ளே கருகிய புள்ளி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முழு லோடுல ஒரு தடவ பிரிஞ்சிடுச்சு. இனிமே இத நம்பக் கூடாதுங்க," என்று புதியது ஒன்றை எடுத்தார். பிறகு, "சொலினாய்ட நான்தான் பாத்து மாட்டி வுட்டேன். அது ஒட்டுனது என் மேலதானுங்க சேரும்," என்றார்.

"பாய், இப்படியெல்லாம் தானாக ஒப்புக்கொள்ளக் கூடாது," என்று தொழில் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

"நான் இன்னா கோர்ட்டுலயா நிக்கிறேன்? என் பட்டறையில நிக்கிறேன்," என்றவர், முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க வெச்ச கேள்வி நல்ல கேள்விங்க, வக்கீல் சார். அன்னிக்கு நீங்க கேக்கலைன்னா நான் அம்பு போட்டிருக்க மாட்டேன். யாரோ ஒருத்தர் திருப்புவாங்கன்னு நீங்க சொன்னதுக்கு அப்புறம்தான், அந்த யாரோவுக்கு வழி தெரியணுமேன்னு தோணுச்சு."

அது முழு உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டில் எதுவானாலும் நான் கடன்பட்டவன்.

வியாழக்கிழமை மாலை அடக்கம். கபரஸ்தானில் ஒவ்வொருவராக மூன்று கை மண் போட்டார்கள். சேகர் தயங்கி, பாயின் அண்ணனிடம், "நானும் போடலாமுங்களா?" என்று கேட்டான். "உனக்கு இல்லாததா தம்பி, போடு," என்றார் அவர்.

அவரிடமிருந்து எனக்கென்று மீந்தவை இரண்டு. நான் தவறாக வாங்கிய அந்தச் சுவிட்ச் இப்போதும் என் மேசையில், காகிதங்களின்மேல் இருக்கிறது. கட்சிக்காரர் எவருக்கும் பத்திரம் எழுதுமுன் அதைக் கையில் எடுத்துப் பின்பக்கத்தைப் படிக்கிறேன். மற்றொன்றை அன்று கபரஸ்தானில் என் கண்முன் பார்த்தேன். என் தம்பி குனிந்து, இரண்டு கைகளாலும் மண்ணை அள்ளினான்.