ஏழாம் இலக்கப் படம்

அக்கராயன் ஊர்ச் சாரங்காவுக்கு வாய் நீளம் என்று சொல்லுகிறவர்கள் அவளை அரைகுறையாகத்தான் அறிந்தவர்கள். வாய் எல்லாருக்கும் இருக்கிற அளவுதான். கண்தான் பொல்லாத கண். தபாற்கந்தோரில் பதினேழு வருடமாகக் கடிதம் பிரிக்கிறவள். ஒரு முத்திரை கோணலாக ஒட்டியிருந்தாலும் அவளுக்குக் கண்ணில் குத்தும். குத்தினால் சொல்லாமல் இருக்கவும் மாட்டாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே மாப்பிள்ளை கிருபனைப் பார்த்து, "சேட்டுப் பொத்தானை மாறிப் பூட்டியிருக்கிறியள்" என்றாள். தேத்தண்ணித் தட்டோடு நின்ற தாய்க்கு மயக்கம் வராத குறை. கிருபன் குனிந்து பார்த்தான், பொத்தானைச் சரிபண்ணினான், "எனக்குச் சம்மதம்" என்றான். அவன் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவன். எங்கே பழுது என்று சுற்றிவளைக்காமல் சொல்லுகிற ஆள் அவனுக்கு அதுவரை வாய்க்கவில்லை.

இவளுடைய கண்ணுக்குச் சரியான தீனி கிடைத்தது கொரோனா முடக்கத்தில்தான். ஊரே வீட்டுக்குள் கிடந்து புழுங்கிய அந்த நாட்களில் ரியூசன் நடத்துகிற ஜனகன் வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினான். பெயர் 'வீட்டுக்குள்ளே'. வெளியே போய்ப் படமெடுக்க வழியில்லை, ஆகவே அவரவர் வீட்டு உள்பக்கத்தை எடுத்துப் போடுவது. குசினி, சாமியறை, விறாந்தை, படுக்கையறை என்று போட்டார்கள். முடக்கம் எடுபட்டு வருடங்கள் ஆன பிறகும் குழு கலையவில்லை. பத்தொன்பது பேர். இரண்டு பேரிடம் கமரா, மற்றவர்களிடம் போன். யார் எதைப் போட்டாலும் எல்லாரும் "அருமை" என்பார்கள். கும்மிருட்டில் கதிரைக்கால் மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தால் அதற்கும் அருமை. முன்பள்ளி ஆசிரியை கஜேந்தினி படம் திறபட முதலே அருமை போட்டுவிடுவாள். அவளுக்கு டேற்றா குறைவு.

சாரங்காவின் போனில் அந்தச் சொல் ஒரு நாளும் அடிபட்டதில்லை. "அலுமாரி சரிஞ்சு நிக்குது, உங்கட வீட்டில நிலநடுக்கமோ?" என்று எழுதுவாள். "பூச்சாடி வடிவு. பின்னால காயுற உள்பாவாடையையும் ஒருக்காப் பாத்திருக்கலாம்" என்று எழுதுவாள். அந்த உள்பாவாடை கஜேந்தினியுடையது. கோவித்துக்கொண்டு குழுவை விட்டுப் போனாள்; மூன்றாம் நாள் திரும்பி வந்து, கொடியைக் கழற்றிப்போட்டு அதே பூச்சாடியை மறுபடி எடுத்துப் போட்டாள். படம் உண்மையிலேயே நன்றாயிருந்தது. அதைச் சொல்லத்தான் சாரங்காவுக்குச் சொல் வரவில்லை. "இப்ப சரி" என்று மட்டும் எழுதினாள்.

ஸ்கந்தபுரம் பழனியாண்டி வேறு ரகம். தகப்பன் காலத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். மாபிள் பதிக்கிற வேலை. வேலை முடிந்த வீட்டைக் குடிபூரலுக்கு முதல் ஒரு படம் எடுத்துக்கொள்வார். எல்லாப் படத்திலும் முக்கால்வாசி தரை.

"அண்ணை, மிச்ச வீடு எங்கை?" என்று சாரங்கா கேட்டாள்.

"தரை நான் போட்டதுங்க. செவரு வேற ஆளு" என்று பதில் வந்தது.

சாரங்கா கந்தோரில் இருந்தபடியே வாய்விட்டுச் சிரித்தாள். மனுசன் கோவிக்கவில்லை. அடுத்த படத்தில் போனை நாலு விரல் உயர்த்திப் பிடித்திருந்தார்.

இப்படியே ஐந்து வருடம் ஊருக்கெல்லாம் குறை சொன்ன சாரங்கா தன்னுடைய படம் ஒன்றைத்தன்னும் போடவில்லை. எடுக்காமல் இல்லை. எடுப்பாள், பார்ப்பாள், பத்துப் பிழை பிடிப்பாள், அழிப்பாள். குழுவுக்குள் முணுமுணுப்புத் தொடங்கிவிட்டது. உவவுக்குச் சொல்லத்தான் தெரியும், எடுக்கத் தெரியாது என்று. அது அவளுடைய காதுக்கும் வந்தது. கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அப்படித்தானோ? நான் வெறும் வாய்தானோ? இந்தக் கேள்வி பஸ்ஸில், கந்தோரில், சோறு வடிக்கும்போதெல்லாம் அவளை அரித்தது.

இந்த வருடம் ஜனகன் கண்காட்சி வைக்கப்போவதாக அறிவித்தான். நகரத்தில் ஒரு மண்டபம், பன்னிரண்டு படங்கள். ஆளுக்கு ஒன்று பெரிதாக அச்சடித்துக்கொண்டு வரவேண்டும், எல்லாரும் கூடியிருந்து பன்னிரண்டைத் தெரிவுசெய்வார்கள். சாரங்கா உடனே ஒரு சட்டம் போட்டாள்.

"பேர் போடக்கூடாது, இலக்கம் மட்டுந்தான். தன்ர படத்தைப் பற்றிக் கதைக்கேக்க அந்த ஆள் வாய் திறக்கக்கூடாது. பேர் தெரிஞ்சா நீங்கள் அருமைதானே சொல்லுவியள்."

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அவளும் இந்த முறை ஒரு படம் கொண்டுவருவது என்று முடிவெடுத்தாள். நன்றாயிருந்தால் ஊரறிய நன்றாயிருக்கட்டும், இல்லாவிட்டால் ஊரறிய நாறட்டும்.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று கிருபன் ஆரோ ஒருவருடைய கிணற்றடிக்குப் போய்விட்டான். சாரங்கா முன்னறையைக் கைப்பற்றினாள். ரீவியை அறைக்குள் தள்ளினாள். பிளாஸ்ரிக் கதிரைகள், மோட்டர்ச் சாமான்கள், இரும்புக்கடைக் கலண்டர் எல்லாம் வெளியே போயின. கிழக்கு யன்னலால் வந்த வெயில் சாப்பாட்டு மேசையில் விழுந்தது. எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. சுவரில் மாலையோடு கிருபனின் தாய், மாமி வடிவம்மா.

மாமி செத்து இரண்டு வருடம். அதற்கு முதல் பதினாலு வருடம் ஒரே குசினியில் இரண்டு பேரும் மாரடித்தார்கள். சாரங்கா ஊரைத் திருத்தினாள் என்றால் சாரங்காவைத் திருத்தியவர் வடிவம்மாதான். சொதிக்கு உப்புக் காணாது, கூட்டின முற்றத்தில் குப்பை கிடக்கு, சேலைக் கொய்யகம் இறங்கிக் கிடக்கு. ஒரு குறையும் இல்லாத நாளில், "இண்டைக்கென்ன, சுகமில்லையோ?" என்று கேட்பார். கண்ணாடிக்குப் பின்னால் போன பிறகும் அந்தப் பார்வை குறையவில்லை. இப்போது வெயில் பட்டு அந்தக் கண்ணாடி வேறு பளபளவென்று மின்னியது. சாரங்கா கதிரையில் ஏறினாள். "கொஞ்ச நேரந்தான் மாமி" என்று படத்தைக் கழற்றிப் பழைய பெட்சீற்றில் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தாள்.

படம் வந்தது பாருங்கள்! மேசை, ஒரு கதிரை, ஒரு செம்பு, சாய்ந்து விழுந்த வெயில். பிழை தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. முதன்முறையாக அவள் அழிக்காத படம்.

அன்று பின்னேரம் ரீவி திரும்பி வந்தது, கலண்டரும் வந்தது. மாமி மட்டும் வரவில்லை. நாளைக்கு மாட்டுவோம் என்றாள். நாளைக்குப் பஸ் பிந்தியது, மறுநாள் மழை. உண்மையைச் சொன்னால், ஒருவரும் மேலிருந்து பார்க்காமல் சோறு தின்பது நல்ல சுகமாயிருந்தது. கிருபன் ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஆம்பிளைகளுக்கு வீட்டைத் தூக்கித் தலைகீழாய் வைத்தாலும் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தெரிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஜனகனின் ரியூசன் கொட்டிலில் நடந்தது. கயிறு கட்டி, துணிக் கிளிப்புப் போட்டுப் பத்தொன்பது படத்தையும் தொங்கவிட்டிருந்தார்கள். பெயர் இல்லை என்றதும் எல்லாருடைய நாக்கும் அவிழ்ந்துவிட்டது. கஜேந்தினிக்குள் இப்படியொரு ஆள் இருந்ததை யார் கண்டார்கள்? "நாலாம் இலக்கம் குசினியோ, கோழிக்கூடோ?" என்றாள். அது ஜனகனின் வீட்டுக் குசினி. மனுசன் எச்சிலை விழுங்கிக்கொண்டு பேசாமல் நின்றான். சாரங்காவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இதைத்தானே அவள் ஐந்து வருடமாகக் கேட்டாள்!

ஏழாம் இலக்கத்துக்கு வந்தார்கள். மேசை, கதிரை, செம்பு, வெயில்: சாரங்காவினுடையது.

"ஐயோ, அந்த வெளிச்சத்தைப் பாருங்கோவன்" என்றாள் கஜேந்தினி.

"உதுக்கு வாக்கெடுப்பே தேவையில்லை" என்றான் ஜனகன்.

சாரங்கா முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டு முகட்டைப் பார்த்தாள்.

அப்போது பழனியாண்டி எழும்பிப் படத்துக்குக் கிட்டப் போனார். மட்டம் பார்க்கிறவர் போல ஒரு கண்ணைச் சுருக்கினார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. மேசையும் நல்லாருக்கு. ஆனா இந்தச் செவருல ஒரு படம் மாட்டி இருந்திருக்குங்க. இந்தா, இவ்வளவு எடம் மட்டும் வெளுத்திருக்கு. மத்த எடமெல்லாம் சாம்பிராணிப் புகை ஏறிப் பழுப்பா இருக்கு. மேல ஆணியும் அப்புடியே நிக்குது."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சாரங்காவும் பார்த்தாள். இருந்தது. போன் திரையில் அவள் காணாதது, பெரிதாக அச்சடித்த படத்தில் நீளச் சதுரமாக வெளிறிப்போய் நின்றது. மேசை சரிவா, செம்பு நடுவிலா என்று ஆயிரம் தரம் பார்த்த கண் இதைப் பார்க்கவில்லை.

"புகை காட்டியிருக்காங்கன்னா செத்தவங்க படமா இருக்கும்" என்றார் பழனியாண்டி. "கண்ணாடி மின்னியிருக்கும், கழட்டிட்டாங்க. சன்னல்ல ஒரு பக்கத்தச் சாத்தியிருந்தா மின்னாதுங்க. எடுத்தவங்க கெட்டிக்காரங்கதான், அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா அந்த வீட்டுல படத்துக்குச் சொந்தமான மனுசர் யாரும் இருந்தா, அவுங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும்? எனக்கு இப்ப அந்த வெள்ளதான் தெரியுது, வேற ஒண்ணும் தெரியல."

"ஓம் என்ன! பேய் வீடு மாதிரிக் கிடக்கு" என்றாள் கஜேந்தினி. இவள்தான் சற்று முன் வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னவள்.

சாரங்காவின் தொண்டைவரை பதில் வந்து நின்றது. கொஞ்ச நேரத்துக்குத்தான் கழற்றினது, பிறகு மழை, பிறகு பஸ். ஆனால் வாய் திறக்கக்கூடாது. யார் போட்ட சட்டம்? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மனுசன் ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாயிருந்தது.

வாக்கெடுத்தார்கள். வேண்டும் என்று ஒன்பது கை, வேண்டாம் என்று ஒன்பது கை. எல்லாரும் சாரங்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இன்னும் கை உயர்த்தவில்லை.

"சொல்லுங்கோ அக்கா, நீங்கள்தானே பிழை பிடிக்கிற ஆள்" என்றான் ஜனகன்.

ஐந்து வருடம் ஏங்கின படம். கையை ஒருக்கால் உயர்த்தினால் மண்டபத்தில் தொங்கும். ஒருவருக்கும் தெரியவும் வராது.

"வேண்டாம்" என்றாள் சாரங்கா.

பொழுது சாய முதல் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கிருபன் முற்றத்தில் ஒரு மோட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டுக் குந்தியிருந்தான்.

"இஞ்சருங்கோ, என்ர படம் எடுபடேல்லை."

"ஏனாம்?"

"மாமியின்ர படம் கழட்டின இடம் சுவரில தெரியுதாம்."

கிருபன் பழந்துணியில் கையைத் துடைத்தான்.

"நான் கழட்டினது உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம். அண்டைக்கே கண்டனான்."

"பிறகேன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் கண்ணாடி மின்னுது எண்டிருப்பீர். அதுவும் உண்மைதானே. உம்மோட ஆர் கதைச்சு வெல்லுறது?"

கிருபன் மோட்டரைப் பார்த்துக்கொண்டு, எங்கே தண்ணீர் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரருக்குச் சொல்லுகிற அதே குரலில் சொன்னான்.

"காலமை நீர் பஸ்ஸுக்குப் போனாப் பிறகு, நான் அம்மாவைக் கும்பிட்டுப்போட்டுத்தான் வேலைக்கு வெளிக்கிடுறனான். இந்தப் பதின்மூண்டு நாளும் வெறுஞ்சுவரைக் கும்பிட்டுப்போட்டுப் போனனான்."

சாரங்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கிருபனுடைய முகத்தைப் பார்க்க வெட்கமாயிருந்தது.

"அலுமாரிக்குப் பின்னால கிடக்கு" என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"தெரிஞ்சும் எடுத்து மாட்டாமல் இருந்தனீங்களோ?"

"கழட்டினது நீர்தானே."

சாரங்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அலுமாரி பாரமாயிருந்தது. ஒருவரையும் உதவிக்குக் கூப்பிடாமல் தானே இழுத்தாள்.