காத்தாடி ராடுக்கு மூங்கில் எடுத்தது

சாந்தி, பாபு, கடைக்கு யார் வந்து தூண்டில் ராடு கேட்டாலும் நான் முதலில் அவர்கள் கையைப் பிடித்துப் பார்க்கிறேன் என்று நீங்கள் இருவரும் சிரிக்கிறீர்கள். "அப்பா கைரேகை பாக்குறாரு" என்று பாபு போன வாரம் சொன்னது என் காதில் விழுந்தது. அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று எழுதி வைக்கிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

1. டிரைவர் சார் கேட்டது

அப்போது நான் சிவாஜிநகரில் கரீம் பாய் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை. பேட்மிண்டன் மட்டைக்கு நரம்பு கட்டுவேன், ஹாக்கி மட்டை ரிப்பேர் பார்ப்பேன், தூண்டில் ராடு செய்வேன்.

காக்ஸ் டவுனிலிருந்து அருளப்பன் என்று ஒருவர் வந்தார். ரயில் இஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். விழுந்ததில் வலது தோள் எலும்பு உடைந்து, கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. தூண்டிலை வீச அந்த வீச்சு வேண்டுமே. ஒரு வருஷமாக ஏரிப் பக்கமே போகவில்லை என்றார்.

"கப்பல்ல வேலை பாத்த சிநேகிதன் சொன்னாம்பா. காத்தாடி விட்டு மீன் புடிக்கிறாங்களாம். வீசவே வேணாம். காத்தாடி நூல்ல துணி கிளிப் மாட்டி, அதுல தூண்டில் நரம்ப விட்டுட்டா, காத்தே நடு ஏரிக்குத் தூக்கிட்டுப் போயிடும். மீன் கடிச்சா கிளிப்புலருந்து நரம்பு கழண்டுக்கும். மீன் புடிக்க என் பழைய ராடு இருக்கு. காத்தாடிக்கு ஒரு ராடு செஞ்சு குடு."

"ரெண்டு ராடையும் நீங்களே புடிப்பீங்களா சார்?"

"கை ரெண்டு இருக்குதில்ல?" என்றார். பிறகு மெதுவாக, "இதுவும் ஆகலன்னா நான் ஊட்டுல உக்காந்து செவுத்தப் பாத்துக்கிட்டிருக்க வேண்டியதுதாம்பா" என்றார்.

2. பிளாங்க்

வளையம், பிடி, ரீல் எதுவும் பூட்டாத வெறுங்கம்பைப் பிளாங்க் என்போம். ராடு நல்லதாக வருமா என்பது பிளாங்க் எடுக்கும்போதே முடிவாகிவிடும். கண்ணுக்கு நேரே வைத்துக் கோணல் பார்க்க வேண்டும். கணு நெருக்கமாக இருக்க வேண்டும். நுனியைத் தரையில் ஊன்றி லேசாக வளைத்து உருட்டினால் ஓர் இடத்தில் தானாகத் திரும்பி நிற்கும். அதுதான் மூங்கிலின் முதுகு. வளையம் எந்தப் பக்கம் கட்டுவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வோம்.

வீசுகிற ராடுக்கு நுனி துவள வேண்டும். காத்தாடி ராடு வேறு. காற்று மேலேயிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். துவளும் மூங்கில் வளைந்தபடியே நின்றுவிடும், காத்தாடி சொன்னபடி கேட்காது. ஆகவே உள்ளே துளை இல்லாத கல்மூங்கிலில் குட்டையாக, தடியாக ஒன்று எடுத்தேன். டிரைவர் சார் கை இஞ்சின் லீவரை இழுத்துப் பழகிய பெரிய கை. அதற்கு ஏற்ற கனம்.

கரீம் பாய் பார்த்துவிட்டு, "அரே மணி, மீன் புடிக்கவா, திருடன் புடிக்கவா? போலீஸ் லத்தி மாதிரி கீதே" என்றார்.

3. ஏரிக்கரையில்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒயிட்ஃபீல்ட் போகும் வழியில் உள்ள ஓர் ஏரிக்குப் போனோம். டிரைவர் சாரின் மனைவி ரோஸம்மா சாப்பாட்டுக் கூடையோடு வந்திருந்தார்கள். காத்தாடி நன்றாக ஏறியது. கல்மூங்கில் அசையவில்லை. நடு ஏரியில், தாமரை இலைகளுக்கு இடையே, தவளை கட்டிய தூண்டில் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஆடியது. கரையிலிருந்து யார் வீசினாலும் அங்கே போய் விழாது.

விரால் பாய்ந்து கடித்தது. கிளிப்பிலிருந்து நரம்பு கழன்றது. அங்கேதான் வந்தது வினை. ரீலைச் சுற்றி மீனை இழுக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டும். காத்தாடி ராடை அக்குளில் இடுக்கிக்கொண்டார். காத்தாடி குட்டிக்கரணம் போட்டுத் தண்ணீரில் விழுந்தது. இரண்டு நூலும் பின்னிக்கொண்டு, மீனும் போய்விட்டது.

அவர் கரையில் உட்கார்ந்துவிட்டார். "ராடு மேல தப்பில்லப்பா. எடுத்துட்டுப் போ" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரோஸம்மா கூடையைக் கீழே வைத்தார்கள். "அத இப்டி குடுங்க."

"சும்னே இரு ரோஸி. இது பொம்பளைங்க வேலையா?"

"எங்க தெருவுல அண்ணனுங்க காத்தாடிய எல்லாம் அறுத்தவ நானு. நீங்க கரி அள்ளிப் போட ஃபயர்மேன் இல்லாம தனியாவா இஞ்சின் ஓட்னீங்க?"

அவர் காத்தாடி ராடை எடுத்து நீட்டினார்.

நனைந்த காத்தாடியை வெயிலில் காய வைத்துத் திரும்ப ஏற்றினோம். அந்தம்மா நூலை ஒரு சுண்டு சுண்டியதும் அது நேராக நின்றது. ஆனால் நான் பார்த்தது அவர்கள் விரல்களை. தடி மூங்கிலை வளைத்துப் பிடித்தும் விரல் நுனி கட்டைவிரலைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு நடுங்க ஆரம்பித்தது. "கனமா இருக்குதாம்மா?" என்றேன். "இல்ல தம்பி, நல்லாத்தான் கீது" என்றார்கள்.

4. இரண்டாவது மூங்கில்

மறுநாள் கடையில் மூங்கில் கட்டு மொத்தத்தையும் அவிழ்த்துப் போட்டேன். மெலிந்தால் துவளும், துவளாதது கனக்கும். கணு மிக நெருங்கிய ஒல்லியான கல்மூங்கில் ஒன்று அடியில் கிடைத்தது. கரீம் பாய், "ஒரு ராடுக்கு இத்தன மூங்கிலா? பந்தல் போடுறியா?" என்று கேட்டுவிட்டு, அவரே உட்கார்ந்து கட்டைத் திரும்பக் கட்டினார்.

இந்த முறை ரோஸம்மாவைக் கடைக்கு வரச்சொல்லி, கையைப் பார்த்துப் பிடி சீவினேன்.

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். டிரைவர் சார் கையில் ஓலையில் சுற்றிய விரால்.

"நான் புடிச்சேன்" என்றார்.

"காத்தாடி யாருது?" என்றார்கள் அந்தம்மா.

"அதத்தான் சொல்ல வந்தேன்" என்று அவர் மீனை அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்.

பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். கேட்க வருகிறவர் ஒருவர், பிடிக்கப்போகிறவர் வேறொருவராக இருக்கலாம். மூங்கிலைத் தொடும் முன் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்தபோது உங்கள் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தாள். சமையல்கட்டு மூலையில் உலக்கை சாத்தியிருந்தது. கல்யாணமான புதிதில் நான் கடைந்து கொடுத்தது. நடுவில் அவள் கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்த இடத்தில் பிடித்துப் பார்த்தேன். என் கைக்குக் கச்சிதமாக இருந்தது; அவள் கை சின்னது. வாசலில் உட்கார்ந்து அந்த இடத்தை மட்டும் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடலை எண்ணெய் தடவி, சீவலைக் கூட்டி அள்ளிவிட்டு, இருந்த மூலையிலேயே சாத்தி வைத்தேன்.