கழுவி வைத்த கொம்பு

தீமூட்டும் பழங்கருவிகளைத் தேடிப் போன அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குள் ஓர் ஆட்டுக்கொம்புச் சிமிழைப் பார்த்ததும், உத்திரமேரூரில் அறுப்பு முடிந்த எங்கள் கழனியில் கிடை போட வரும் ஆட்டுக்காரரும், அவர் உரசும் சிக்கிமுக்கிக் கல்லும், எங்கள் தீக்குச்சியெல்லாம் அணைந்துபோகும் ஏரிக்காற்றில் அவருடைய கொம்புச் சிமிழுக்குள்ளிருந்த பஞ்சு மட்டும் கணகணவென்று சிவப்பதும் நினைவுக்கு வந்தன.

அந்தச் சிவப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க சிறுமியான நான் ஒருநாள் அவர் சிமிழின் மூடியைத் திறந்தேன். உள்ளே வெறும் கரி. அழுக்கென்று நினைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்தேன்.

"இன்னா வேல பண்ணிக்கீற பாப்பா! அது கருக்குன பஞ்சு, அதுலதான் பொறி புடிக்கும். இப்ப கஞ்சிக்கு அடுப்ப எப்பிடி மூட்டறது?" என்று ஆட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

கண்ணாடிக்குள் இருந்த சீட்டில், 'பயன் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. குனிந்து பார்த்தேன். என்னைப்போலவே யாரோ நன்றாகக் கழுவி வைத்திருக்கிறார்கள்.